கண்டியைப் பற்றி என் வேனில் ஏறியவர்கள் கேட்டவை

பதினெட்டு வருடமாக ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்கு வேன் ஓட்டுகிறேன். தோட்டத்துக் குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துச் சுற்றுலாக்காரர்கள், சொந்தம் தேடி வரும் தமிழ்நாட்டு ஆட்கள் என்று எல்லாரையும் ஏற்றியாயிற்று. யார் ஏறினாலும் கினிகத்தேனை தாண்டுவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். எல்லாரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஆரம்பத்தில் எனக்கே பதில் தெரியாது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாகச் சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, கண்டிங்கிறது தமிழ்ப் பேரா, சிங்களப் பேரா?

வேர் சிங்களம், வழக்கு நம்முடையது. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. மலைமேல் இருந்த இராச்சியத்தை 'கந்த உடரட்ட' என்றார்கள். போர்த்துக்கேயர் அதன் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே ஊருக்கும் பெயராக்கினார்கள். தமிழில் அது கண்டி. சிங்களவர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த ஊரைக் கண்டி என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது மஹநுவர, பெருநகரம். பழைய பெயர் செங்கடகல.

பேச்சில் மஹநுவர சுருங்கி வெறும் 'நுவர' ஆகிவிடும். கண்டக்டர் "நுவர, நுவர" என்று கத்தினால் அது கண்டி பஸ். நுவரெலியா என்று நினைத்து ஏறிவிட்டு, கம்பளை தாண்டியும் குளிரைக் காணோமே என்று யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய ஆட்கள் 'கண்டிச் சீமை' என்றால் இந்த ஒரு டவுனைச் சொல்லவில்லை. காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம் இருந்த மலைநாடு முழுவதும் அவர்களுக்குக் கண்டிதான்.

எப்ப இருந்து எப்ப வரைக்கும் தலைநகரமா இருந்துச்சு?

ஊர் 14ஆம் நூற்றாண்டில் உண்டானது, கம்பளையில் இருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு உண்டாக்கினான் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேனாசம்மத விக்கிரமபாகு இதைத் தனி அரசுக்கு இருப்பிடமாக்கினான். ஆனால் நாம் 'கண்டி இராச்சியம்' என்று சொல்லும்போது மனதில் வருவது 1592இல் முதலாம் விமலதர்மசூரியன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து 1815 வரை உள்ள காலம். இருநூற்று இருபது வருடத்துக்கு மேல்.

அந்தக் காலத்தில் தீவில் வேறு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். கொழும்புப் பக்கத்தில் இருந்த கோட்டை என்ற இராச்சியத்தின் கடைசி அரசன் தர்மபாலன் நாட்டையே போர்த்துக்கேய மன்னனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 1597இல் செத்தான். 1619இல் யாழ்ப்பாணமும் போயிற்று. கரையோரம் முழுக்க அந்நியன் கையில். உள்ளூர் அரசன் உட்கார்ந்திருந்த ஒரே நகரம் கண்டிதான்.

யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பறங்கியளாலயும் ஒல்லாந்தராலயும் கண்டியை ஏன் பிடிக்க முடியேல்லை?

பிடிக்க முடியவில்லை என்று சொல்வதைவிட, பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்பதே சரி. ஊருக்குள் பல தடவை நுழைந்திருக்கிறார்கள். நுழைவது கஷ்டம், இருப்பது அதைவிடக் கஷ்டம், திரும்பிப் போவதுதான் மரணம்.

கண்டியை மூன்று பக்கம் மகாவலி சுற்றி ஓடுகிறது. சுற்றிலும் மலை, காடு. பலன போன்ற ஒடுங்கிய கணவாய்கள் வழியாகத்தான் ஏறி வர வேண்டும். அரசர்கள் வேண்டுமென்றே அகலமான ரோடு வெட்டவில்லை. ஒற்றையடிப் பாதைகளுக்குக் குறுக்கே முள்படல் கதவுகள். எதிரி வருகிறான் என்றால் ஊரையே காலி செய்துவிட்டு அரசன் ஹங்குரன்கெத்த பக்கம் போய்விடுவான். வந்தவனுக்குக் கிடைப்பது வெறும் வீடுகள். அரிசி இல்லை. மழை பிடிக்கும், காய்ச்சல் வரும். திரும்பலாம் என்று இறங்கும்போது காட்டுக்குள் இருந்து அம்பும் துவக்கும். 1594இல் தந்துரேயில், 1630இல் ரந்தெனிவெலவில், 1638இல் கன்னொருவவில் போர்த்துக்கேயப் படைகள் இப்படித்தான் அழிந்தன. பேராதனைப் பூங்காவில் நின்று ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் மேட்டைக் காட்டி, "அதுதான் கன்னொருவ" என்று சொன்னால் பின் சீட்டில் ஒரு நிமிடம் சத்தம் இருக்காது.

கன்னொருவவில் வென்ற இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூட்டுச் சேர்த்தான். அவர்கள் வந்து விரட்டினார்கள், பிறகு தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். சிங்களத்தில் இதை இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்பார்கள். 1765இல் ஒல்லாந்தரும் கண்டிக்குள் வந்து பார்த்தார்கள், நிலைக்க முடியவில்லை. 1803இல் வெள்ளைக்காரனும், அதாவது இங்கிலீஷ்காரனும், வந்தான். முத்துசாமி என்ற ஒருவரை அரசனாக்கி உட்கார வைத்துவிட்டு, மேஜர் டேவி என்பவனின் கீழ் ஒரு படையை விட்டுப் போனான். பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த அந்தப் படை சரணடைந்து ஊரை விட்டு இறங்கியது. வட்டபுளுவையில் ஆறு பெருகிக் கிடந்ததால் கடக்க முடியவில்லை, அங்கேயே கொல்லப்பட்டார்கள். முத்துசாமிக்கும் அதே கதி. டேவி மட்டும் கைதியாகக் கிடந்து செத்தான்.

அப்ப கடைசியில வெள்ளைக்காரன் எப்படித்தான் பிடிச்சான்?

மேலே சொன்ன எதையும் செய்யாமல் பிடித்தான். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அரசனுக்கும் அவனுடைய பிரதானிகளுக்கும் இருந்த பகையை ஜோன் டொய்லி என்ற அதிகாரி வருடக்கணக்காக, கடிதம் கடிதமாக, ஒற்றன் ஒற்றனாகச் சேகரித்தான். சிங்களம் நன்றாகத் தெரிந்தவன். 1814இல் எகலப்பொல அதிகாரம் (அதிகாரம் என்பது அரசனின் முதன்மை மந்திரிப் பதவி) அரசனை விட்டு வெள்ளைக்காரன் பக்கம் போனபோது கதவு திறந்துவிட்டது. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹநுவர பக்கத்தில் ஒளிந்திருந்த அரசனைப் பிடித்தார்கள். மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்தில், சுவர் இல்லாமல் மரத்தூண்களோடு இருக்கும் மகுல் மடுவ. இராஜாதி இராஜசிங்கன் கட்டத் தொடங்கியது. மாளிகையைப் பார்த்த களைப்பில் அநேகம் பேர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். தூணில் கை வைத்துப் பாருங்கள். இந்தத் தீவின் கடைசி முடியாட்சி அங்கேதான் முடிந்தது.

பிறகுதான் பிரதானிகளுக்கு விளங்கியது, அரசனை மட்டும் மாற்றவில்லை, ஆட்சியையே கொடுத்துவிட்டோம் என்று. 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸவில் பெரிய கிளர்ச்சி. அடக்கப் போன கெப்பெட்டிப்பொல என்ற திசாவையே (மாகாண அதிகாரி) கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். 1818 நவம்பர் 26ஆம் திகதி போகம்பரையில் அவன் தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோய் எடின்பரோவில் வைத்திருந்தார்கள். 1954இல்தான் திரும்பி வந்தது. மாளிகைக்கு எதிரே உள்ள நினைவுத்தூண் அவனுடையது.

கடைசி ராஜா தமிழர்தானே? எங்க வாத்தியார் அப்படித்தான் சொன்னாரு.

இந்தக் கேள்விக்கு என் வேனுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. வாத்தியார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை.

கண்டி அரசர்கள் பட்டத்து ராணியை அரச குலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். உள்ளூரில் அப்படி ஒரு குலம் இல்லாததால் மதுரைப் பக்கம் பெண் எடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்து ராணி வழியில் வாரிசு இல்லாமல் இறந்தபோது, ராணியின் தம்பி ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயரில் அரசனானார். அவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன், கடைசியாக ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். நாலு பேர், 76 வருடம். கடைசியானவரின் இயற்பெயர் கண்ணுசாமி. இவர்கள் நாயக்கர்கள். விஜயநகரத்தின் ஆளுநர்களாக மதுரைக்கு வந்த தெலுங்கு வழியினர், தமிழ்நாட்டில் ஊறியவர்கள். தெலுங்கும் தமிழும் புழங்கியவர்கள். சிங்களவர் 'வடுக' என்றார்கள். நம் ஊரிலும் அவர்களை வடுகர் என்றுதானே சொல்வோம்?

இந்த நாயக்கர்கள்தான் கண்டியின் பௌத்தத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள், இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்காரரும் முகத்தைச் சுளிப்பார்கள். முறைப்படி உபசம்பதா, அதாவது முழுத் துறவு தீட்சை, பெற்ற பிக்குகளே இல்லாமல் போன காலத்தில், கீர்த்தி ஸ்ரீ சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753இல் அதை மீட்டார். இன்றைய மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் சீயம் நிக்காய என்ற பிக்குப் பிரிவு அப்படி வந்தது. அதே கீர்த்தி ஸ்ரீயை 1760இல் கொல்லப் பார்த்தார்கள். அரசன் உட்காரும் ஆசனத்துக்கு அடியில் குழி வெட்டி வைத்திருந்தார்களாம். அவர் மேல் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று, நெற்றியில் திருநீறு பூசுகிறார் என்பது. எனக்கு இந்த ஒரு விஷயமே போதும், அந்த மனிதர் எப்படிப்பட்ட நடுவில் நின்றார் என்று புரிந்துகொள்ள.

அந்தக் கடைசி ராஜா பெரிய கொடுங்கோலன்னு சிங்களப் படத்துல காட்டுறாங்களே?

எகலப்பொல போன பிறகு அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை யாரும் மறைக்க முடியாது. பிள்ளைகளின் தலையை வெட்டி, தாயைப் போகம்பரைக் குளத்தில் தள்ளினார்கள். பயந்து நின்ற அண்ணனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்த சின்னவன் மத்தும பண்டாரவின் கதையைச் சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கொடுமையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்ப வெள்ளைக்காரனுக்கு நல்ல காரணம் இருந்தது. ஒப்பந்தத்திலேயே அதைத்தான் காரணமாக எழுதினான். பதினெட்டு வயதளவில் பிலிமத்தலாவ அதிகாரம் தன் கைப்பொம்மையாக இருப்பான் என்று நினைத்து உட்கார வைத்த பையன் அவர். பொம்மையாக இருக்க மறுத்தார். சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோள் செய்தபோது சந்தேகமும் கொடுமையும் கூடிக்கொண்டே போனது. கொடுங்கோலன் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அவரைக் கவிழ்த்தவர்கள் நல்லவர்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்க ஊரு வேலூர்ங்க. அங்க கண்டி ராஜா சமாதின்னு ஒண்ணு இருக்கு. அவரேதானா?

அவரேதான். 1816 ஜனவரியில் கொர்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றி மதராசுக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருக்காகத்தான். இந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர், கண்டி மாளிகைக்கு முன்னால் நின்று, "எங்க ஊருக்கு வந்து செத்தாரேய்யா" என்று சொன்னார். அன்றைக்கு நான்தான் பேச்சில்லாமல் நின்றேன்.

அப்ப நம்ம ஆளுங்க, தோட்டத்து ஆளுங்க, அந்த ராஜா கூட வந்தவங்களா?

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம்தான் அதிகம் கேட்கிறேன், ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராஜாவின் உறவினர்கள் வேறு. மாளிகைக்குக் கிழக்கே இன்றும் மலபார் வீதி என்று ஒன்று இருக்கிறது. நாயக்கர் சுற்றம் குடியிருந்த பக்கம் அது. 1815 ஒப்பந்தம் அவர்களைத்தான் குறி வைத்தது. ராஜாவின் உறவினர்களான ஆண்கள் எல்லாரும் அரசின் எதிரிகள், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் திரும்பக் கூடாது என்று எழுதினார்கள்.

எழுதிய மை காய்ந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகவில்லை. கண்டிக்கு ரோடு வெட்டினான் வெள்ளைக்காரன். கம்பளைப் பக்கம் சின்ஹப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் காப்பித் தோட்டம் போட்டார். கொத்தவும் பறிக்கவும் ஆள் வேண்டும். வரக் கூடாது என்று எழுதிய அதே அரசாங்கம், அதே தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் கொண்டுவந்தது. தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து கண்டி. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது அந்தப் பாதைதான். காப்பியை இலைநோய் தின்ற பிறகு தேயிலை. நோய் வருமுன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைத் தொடங்கியிருந்தார், அதுவும் கண்டி மாவட்டம்தான்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மலைநாட்டு ஸ்டேஷன்களில் இருந்துதான் கோச்சி ஏறினார்கள். அழுகைக் கோச்சி என்பார்கள் எங்கள் வீட்டில். என் அம்மாவுடைய அக்கா அப்படிப் போனவர். அங்கே போய் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கண்டிக்காரங்க'.

தலதா மாளிகைக்குள்ள இந்துக்கள் போகலாமா? பல்லைக் கண்ணால பாக்க முடியுமா?

யாரும் போகலாம். பூத்தட்டு வாங்கிக்கொண்டு போங்கள், தாமரையோ நீலோற்பலமோ. பல் கண்ணில் படாது. கரண்டுவ எனப்படும் தூபி வடிவப் பேழைகளுக்குள் அது இருக்கிறது. பூசை நேரத்தில் கதவு திறக்கும்போது வெளிப்பேழையைச் சில விநாடி பார்க்கலாம். காலை 5.30, 9.30, மாலை 6.30 பூசை நேரங்கள். தவில் போன்ற முழவுச் சத்தத்தில் நெஞ்சு அதிரும். தந்த தாதுவையே மக்களுக்குக் காட்டுவது அபூர்வம். 2025 ஏப்ரலில் 16 வருடத்துக்குப் பிறகு காட்டினார்கள். கண்டிக்குள் வேன் நுழையவே முடியவில்லை, நான் அந்தப் பத்து நாளும் ஹயர் எடுக்கவில்லை.

அது ஏன் அவ்வளவு பெரிது என்றால், தாதுவை வைத்திருப்பவனே நாட்டுக்கு உரியவன் என்பது நம்பிக்கை. கலிங்கத்திலிருந்து ஹேமமாலை என்ற இளவரசி கூந்தலுக்குள் ஒளித்து 4ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தாள் என்பது கதை. தலைநகரம் மாறிய இடமெல்லாம் அதுவும் கூடவே போனது. 1818 கிளர்ச்சியில் தாது வெள்ளைக்காரன் கையில் சிக்கியதும் கிளர்ச்சியின் முதுகெலும்பு முறிந்தது.

என்ன உடுப்புப் போடணும்?

தோளும் முழங்காலும் மூட வேண்டும், வெள்ளை என்றால் நல்லது. செருப்பு, தொப்பி வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், சட்டப்படியே பிரச்சினை வரும்.

செக்கிங்ல தமிழ் ஆக்களெண்டு கரைச்சல் குடுப்பினமோ?

வாசலில் எல்லாரையும்தான் தடவிப் பார்க்கிறார்கள். 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகள் லொறிக் குண்டு வெடிக்க வைத்தது அந்த வாசலில்தான். மாளிகையின் முன்பக்கம் சிதைந்தது, வழிபட வந்தவர்களும் செத்தார்கள். அதற்கு முன் அந்த ரோட்டில் வாகனம் ஓடும். யுத்த காலத்தில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் தனியே நிறுத்தி வைத்ததெல்லாம் எனக்கும் நடந்திருக்கிறது. இப்போது அப்படி இல்லை. பையைத் திறந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

'தேவாலயம்'னு போர்டு போட்டிருக்கு. அது சர்ச்சா?

சர்ச் அல்ல. சிங்களத்தில் தேவாலய என்றால் தெய்வங்களின் கோயில். மாளிகையைச் சுற்றி நாலு இருக்கின்றன: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. நாத தேவாலயம்தான் கண்டியில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டு. கதிர்காமத் தெய்வம் நம்ம முருகன்; அது மட்டும் கொஞ்சம் தள்ளி, கொட்டுகொடல்ல வீதிக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது.

பத்தினி யார் என்று கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். நம்ம கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கஜபாகுவே வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்பது சிங்களவர் நம்பிக்கை. அம்மை போட்டு மாறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் சிங்களத் தாய்மாரை அங்கே பார்க்கலாம். மாரியம்மன் கோயில் வாசலில் பார்ப்பது போலவே இருக்கும்.

பெரஹரா பாக்க எப்ப வரணும்? சீட் புக் பண்ணணுமா?

எசல மாதத்தில், அதாவது ஜூலை, ஆகஸ்டில், நிக்கினிப் போயாவோடு (போயா என்றால் பௌர்ணமி) முடியும்படி பத்து இரவு ஊர்வலம். முதல் ஐந்து கும்பல் பெரஹரா, சின்னது. அடுத்த ஐந்து ரந்தோலி, பெரியது. கடைசி இரவுதான் உச்சம், கூட்டமும் உச்சம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் ரந்தோலியின் முதல் இரண்டு இரவுகளைத்தான் சொல்வேன். ஆதியில் இது மேலே சொன்ன நாலு தேவாலயங்களின் ஊர்வலம். தாதுவை முன்னால் வைத்தது கீர்த்தி ஸ்ரீ, அதே நாயக்கர்.

சீட்டைப் பற்றி என் அனுபவம் ஒன்று. ஒரு வருடம் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காக ஒரு ஹோட்டல் மாடியில் எட்டுக் கதிரைக்குக் காசு கட்டினேன். போய் உட்கார்ந்தால் முன்னால் ஒரு தூண், அதன் பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை. யானையின் பாதி தெரிந்தது. காசு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, கதிரையில் உட்கார்ந்து பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை. உள்ளூர் ஆட்கள் செய்வது போலப் பகல் ஒரு மணிக்கே பாயோடு வந்து நடைபாதையில் இடம் பிடித்தால் செலவே இல்லை. முதலில் சவுக்கு வெடிக்கும் சத்தம் வரும். பிறகு தீப்பந்தங்களில் கொப்பரை எரியும் வாசம். தாதுப் பேழையைச் சுமக்கும் கொம்பன் யானை வரும்போது அதன் காலடியில் வெள்ளைத் துணி விரிப்பார்கள், கூட்டம் எழுந்து "சாது, சாது" என்று கை குவிக்கும். ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் பெரஹராவில் நடந்து, பல வருடம் பேழை சுமந்த ராஜா என்ற யானை 1988இல் செத்தது; அதைப் பாடம் பண்ணி மாளிகை வளவுக்குள் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏரி இயற்கையா, வெட்டினதா?

வெட்டியது. முன்பு அங்கே வயல். கடைசி ராஜா 1807 அளவில் தொடங்கினார், கிரிமுஹுத என்று பெயர், பாற்கடல். கரையோரச் சுவரைப் பாருங்கள்: மேல் விளிம்பு முகில் போல வளைந்து வளைந்து போகும், நடுவில் விளக்கு வைக்க முக்கோணப் பொந்துகள். வலாகுளு பெம்ம, முகில் சுவர். ஒரு இடம் வந்ததும் அந்த அலங்காரம் சட்டென்று நின்றுவிடும். சுவர் முடியுமுன் ராஜாவின் காலம் முடிந்துவிட்டது. மாளிகை முகப்பில் உள்ள எண்கோண மண்டபம் பத்திரிப்புவவும் அவர் காலத்து வேலையே. இரண்டுக்கும் சிற்பாசாரி தேவேந்திர மூலாச்சாரி.

மாளிகையும் ஏரியும் தவிர, யாரும் கூட்டிப்போகாத இடம் எதாவது சொல்லுங்க.

இரண்டு. ஒன்று, தேசிய நூதனசாலைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம். மேலே சொன்ன ஜோன் டொய்லி அங்கேதான் கிடக்கிறான், 1824. கல்லறைகளில் எழுதியிருக்கும் வயதைப் படித்துக்கொண்டே போங்கள், இருபது, இருபத்தைந்து. கண்டியின் காய்ச்சல் பீரங்கியைவிடப் பலமான படை என்பது அங்கே விளங்கும்.

மற்றது, பேராதனையிலிருந்து உள்ளே போகும் லங்காதிலக விகாரை. தவுலகலவுக்குப் பக்கத்தில், பெரிய பாறையின் தலையில், 1344இல் கட்டியது. முன்பக்கம் புத்தர். பின்பக்கம் சுற்றி வந்தால் தெய்வங்கள்: கணபதி, கந்தன், விபீஷணன். பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். பக்கத்தில் கடலாதெனிய விகாரையும் அதே வருடம். முழுக்கக் கருங்கல், நம்ம ஊர்க் கோயில் தூண்களே. கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. நாயக்கர் வருவதற்கு நாலு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே தமிழ் எழுத்தும் தமிழ்க் கைவேலையும் இருந்தன என்பதற்கு ராஜா கதையைவிட இது பலமான சாட்சி.

சீதையைச் சிறை வெச்ச இடம் கண்டியிலயா?

இல்லை. சீதா எலிய, நுவரெலியாவுக்குப் பக்கத்தில். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லாதீர்கள்.

ஒரே நாள்தான் இருக்கு. எப்படி முடிக்கிறது?

ஹட்டனிலிருந்து என்றால் விடிய ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். 9.30 பூசைக்கு மாளிகை, அப்படியே மகுல் மடுவ, தேவாலயங்கள், ஏரிக்கரை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேராதனைப் பூங்கா. அது திரும்பிப் போகும் வழியிலேயே இருக்கிறது. 147 ஏக்கர், அவசரப்பட்டால் ஒன்றும் பார்க்க முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அந்தப் பூங்காவுக்குள் இருந்தது. லங்காதிலகவையும் சேர்க்க நினைத்தால் ஓர் இரவு தங்க வேண்டும்.

கோச்சியில் வருகிறவர்கள் கவனம்: எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் வராது, சிலது பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும். போயா தினத்தில் இறைச்சிக் கடை, சாராயக் கடை மூடியிருக்கும். மாளிகையில் கூட்டமும் நெரியும்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. மார்க்கெட்டில், துணிக்கடையில், தேத்தண்ணிக் கடையில் பாதிப் பேருக்குத் தமிழ் வரும். முஸ்லிம் கடைக்காரர்களுக்கு வீட்டு மொழியே தமிழ். கட்டுக்கலை பிள்ளையார் கோயிலடியில் நின்றால் ஹட்டனில் நிற்பது மாதிரியே இருக்கும்.

மாமா, நம்ம கொடியில இருக்கிற சிங்கம் இந்த ராஜாவோட சிங்கமா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. ஆமாம், அந்தச் சிங்கமே. 1815இல் பறிபோன கொடி லண்டன் செல்சியில் உள்ள பழைய இராணுவத்தினர் இல்லத்தில் கிடந்தது, ஈ. டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டுபிடித்தார். 1948 சுதந்திரத்தில் அதையே ஏற்றினார்கள். 1951இல் பக்கத்தில் இரண்டு பட்டை சேர்த்தார்கள், பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. ராஜாவின் சிம்மாசனம் வின்ட்சர் மாளிகையில் இருந்து 1934இல் திரும்பி வந்தது, இப்போது கொழும்பு நூதனசாலையில். "அப்ப ராஜா தமிழர்னா சிங்கம் நமக்கும்தானே, பிறகு எதுக்கு மாமா தனிப் பட்டை?" என்று அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியைப் போட்டது. கடுகண்ணாவை வளைவு வேறு வந்துவிட்டது, கியரை மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.